செத்தவள் சாப்பிட வந்தாள்!

தொடர்கதை படிக்கிற குடும்பங்களில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. கதையில் வருகிற பாத்திரம் செத்துப்போனால், படிக்கிறவர்கள் வீட்டில் துக்கம் கொண்டாடுவார்கள். 1954-ல் "பொன்னியின் செல்வன்" முடியும் தறுவாயில், மணிமேகலை கண்ணை மூடிய வாரம், எதிர் வீட்டு மாமி எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "போய்விட்டாளே, மகராஜி!" என்றாளாம். என் அப்பா பதறிப்போய், "யார்? எப்போது? எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?" என்று கேட்டபடி சட்டையை மாட்டிக்கொண்டு விட்டாராம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அன்றைக்கு அவளும் மாமிக்கு எதிரே உட்கார்ந்து அழுதவள்தான்.

அந்தத் துக்கத்தில் ஒரு சௌகரியம் உண்டு. கோபித்துக்கொள்ள ஒரு ஆள் இருக்கிறார். "பாவி மனுஷன், கொன்றுவிட்டாரே!" என்று எழுதினவரைத் திட்டித் தீர்க்கலாம். இங்கிலாந்தில் கானன் டாயில் 1893-ல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளியபோது வாசகர்கள் அவரைச் சும்மா விடவில்லை. 1903-ல், "அவன் அன்றைக்குச் சாகவே இல்லை" என்று அவரே ஒரு கதை எழுதும்படி ஆயிற்று.

சரி, எழுதினவர் என்று யாருமே இல்லாத ஒரு கதையில் பாத்திரம் செத்துப்போனால் யாரைத் திட்டுவது? அதுவும், அந்தப் பாத்திரமாக இருந்தவள் நம் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தால்? இப்படி ஒரு சாவை நான் நேரில் பார்த்தேன். அது நடந்த இடம் அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்துச் செயின்ட் பால் நகரம். 2023-ஆம் வருஷத்துக் குளிர்காலம். என் பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் என்றால் வீட்டுக்குக் கீழே உள்ள அறையில் கூட்டம் கூடிவிடும். பேஸ்மெண்ட் என்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பேரன், அவனோடு படிக்கிற இரண்டு பையன்கள், எதிர்ச் சாரியில் குடியிருக்கும் ஒரு பெண். இவர்களுக்கு நடுவில் என் மகள். வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே மேஜை மேல் பகடைகள், பென்சில், ரப்பர், நான் பிழிந்து கொடுத்த முறுக்கு. ஆட்டத்தின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். "பாதாளச் சிறைகளும் பறக்கும் நாகங்களும்" என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

நம் வீட்டுப் பகடை ஆட்டம் எதிலும் சேராத ஆட்டம் இது. கட்டம் கிடையாது, பழம் கிடையாது, ஜெயித்தவர் தோற்றவர் கிடையாது. ஒவ்வொருவரும் ஒரு ஆளை மனத்தில் படைத்துக்கொள்கிறார்கள். ஒருவன் மந்திரவாதி, ஒருவன் வாள்வீரன், ஒருவன் பூசாரி. அந்த ஆளின் பலம், சாமர்த்தியம், புத்தி, வசீகரம் எல்லாவற்றுக்கும் ஒரு எண் போட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். நான் அதற்கு ஜாதகம் என்று பெயர் வைத்தேன். நம் ஜாதகத்துக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், அது பென்சிலில் எழுதியிருக்கும். ஆள் வளர வளர அழித்து எழுதலாம்.

கதையை நடத்துகிறவருக்கு டஞ்சன் மாஸ்டர் என்று பெயர். என் பெண்தான் அது. "எதிரே ஒரு குகை. உள்ளே புகை வருகிறது. என்ன செய்கிறீர்கள்?" என்பாள். "மெதுவாக எட்டிப் பார்க்கிறேன்" என்பான் ஒருவன். பார்க்க முடிந்ததா, கால் இடறி விழுந்தானா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். குகையை வைத்தது என் பெண், எட்டிப் பார்த்தது அந்தப் பையன், இடறிவிட்டது பகடை. இந்தக் கதைக்கு யார் ஆசிரியர், சொல்லுங்கள்!

எதிர் வீட்டுப் பெண்ணின் ஆள் பெயர் வில்லோ. காட்டிலே வளர்ந்த வேட்டைக்காரி. கையில் எப்போதும் வில். வில்லோடு திரிகிறதனால் வில்லோ என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு மரத்தின் பெயராம். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். செப்டம்பரில் பிறந்த வில்லோ ஜனவரிக்குள் அந்தப் பெண்ணுக்கு உடன்பிறந்தவள் போல ஆகிவிட்டாள். படம் வரைந்து வைத்திருந்தாள். வில்லோவுக்குக் காளான் பிடிக்காது என்பது எனக்கே தெரியும்.

சாவுக்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம் சொல்கிறேன். அலுப்பாக இராது. ஏனென்றால் இந்த ஆட்டத்தின் சரித்திரமே சாவோடு மனுஷன் பேசின பேரத்தின் சரித்திரம்தான்.

ஆட்டத்துக்கு விதை விழுந்த ஊரும் அந்தச் செயின்ட் பால்தான். 1970-71 வாக்கில் டேவ் ஆர்ன்ஸன் என்ற இளைஞர் தம் பெற்றோர் வீட்டுப் பேஸ்மெண்டில் நண்பர்களைக் கூட்டி வைத்து விளையாடினார். அதுவரை அவர்கள் பெரும்பாலும் ஆடியது யுத்த விளையாட்டு. பொம்மைச் சிப்பாய்களை மேஜை மேல் அணி வகுத்து வைப்பார்கள். பத்துச் சிப்பாய் விழுந்தால் யாரும் கண்ணீர் விடுவதில்லை. ஆர்ன்ஸன் நடத்திய ஆட்டத்தில் ஒரு பொம்மைக்கு ஒரு ஆள் என்று இருந்தது. "இது நான்" என்று ஒருவன் ஒரு பொம்மையைச் சுட்டிக் காட்டிவிட்டால் அப்புறம் அது பொம்மை இல்லையே! பழைய விதிப்படி ஒரே அடியில் ஆள் செத்தான். தாங்கள் ஒரே அடியில் பூதத்தைக் கொல்வதில் நண்பர்களுக்கு ஆட்சேபம் இல்லை. பூதம் ஒரே அடியில் தங்களைக் கொல்வதுதான் பிடிக்கவில்லை! ஆர்ன்ஸன் யோசித்தார். கடற்படைச் சண்டை விளையாட்டுக்காக, ஒரு கப்பல் எத்தனை அடி தாங்கும் என்று அவர் எழுதி வைத்திருந்த கணக்கு ஒன்று இருந்தது. அதை மனுஷனுக்கும் பொருத்தினார். இன்றைக்கு உலகத்தில் கம்ப்யூட்டரில் சண்டை விளையாடுகிற குழந்தைகள் எல்லாம் "ஹிட் பாயிண்ட்" என்கிறார்களே, அந்த உயிர்ப் புள்ளிகள் பிறந்தது இப்படித்தான்.

விஸ்கான்ஸின் மாகாணத்து லேக் ஜெனீவாவில் இருந்த கேரி கைகாக்ஸும் ஆர்ன்ஸனும் சேர்ந்து 1974-ல் ஆட்டத்தை அச்சில் கொண்டுவந்தார்கள். முதலில் அச்சடித்தது 1,000 பெட்டிகள். அந்த முதல் விதிகளில் உயிர்ப் புள்ளி தீர்ந்தால் ஆள் தீர்ந்தான். புது மந்திரவாதிக்கு ஒரே ஒரு புள்ளி கூட அமையலாம். ஒரு கீறலில் போய்விடுவான். 1979-ல் வந்த விதிப் புத்தகத்தில், புள்ளி தீர்ந்தவன் உடனே சாகாமல் மூர்ச்சை போட்டுக் கிடக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். 2014-ல் வந்த பதிப்பில் இன்னும் தாராளம். விழுந்தவர் தம் முறை வரும்போதெல்லாம் ஒரு பகடை போட வேண்டும். பத்தும் அதற்கு மேலும் விழுந்தால் உயிர் பக்கம். ஒன்பதும் அதற்குக் கீழும் சாவு பக்கம். எது முதலில் மூன்று சேருகிறதோ அதுதான் தீர்ப்பு. இருபது முகத்தில் பதினொன்று உயிருக்குச் சாதகம். சாவித்திரி எமனிடம் வரம் மேல் வரமாகக் கேட்டு வாங்கினாள் அல்லவா? இவர்களும் ஐம்பது வருஷமாகப் பதிப்புக்குப் பதிப்பு கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சாவை அடியோடு எடுத்துவிடவில்லை. அதை யோசித்துப் பாருங்கள்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மாவு மில்காரனின் குழந்தையை யாரோ தூக்கிப் போய்விட்டார்கள். நாலு பேரும் தேடிப் போய் மீட்டு, கயிற்றுப் பாலத்தின் வழியாகத் திரும்பி ஓடி வருகிறார்கள். பின்னாலேயே ஒரு ராட்சசன். குழந்தை என் பேரனுடைய வாள்வீரன் தோளில். பாதிப் பாலத்தில் வில்லோ நின்று திரும்பிவிட்டாள். "நீங்கள் போங்கள். நான் இவனைத் தாமதப்படுத்துகிறேன்" என்றாள். இரண்டு அம்பு தைத்தது. மூன்றாவது தவறியது. ராட்சசனின் கதை இறங்கியது. என் பெண் எல்லோர் கண் முன்னாலும் பகடையை உருட்டினாள். பன்னிரண்டு புள்ளி சேதம். வில்லோவிடம் மிச்சம் இருந்தது ஒன்பது.

வில்லோ பாலத்தில் விழுந்தாள். ராட்சசன் அவளைத் தாண்டிக்கொண்டு மற்றவர்களைத் துரத்தினான். முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போன நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

எதிர் வீட்டுப் பெண் பகடையைப் போட்டாள். பதினாலு. எல்லோரும் மூச்சு விட்டார்கள். அடுத்த முறை ஏழு. அதற்கடுத்து நாலு. இப்போது என் பேரன் முறை. குழந்தையை இறக்கிவிட்டு அவன் திரும்பிப் போகலாம். அவன் வில்லோவை, அதாவது அந்தப் பெண்ணை, பார்த்தான். விழுந்து கிடப்பவர்கள் பேசக்கூடாது என்பது அந்த மேஜையின் சட்டம். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "ஓடுகிறேன்" என்றான், மேஜையைப் பார்த்துக்கொண்டு.

அவள் கடைசிப் பகடையைப் போட்டாள். ஒன்பது.

ஒரு எண்! ஒரே ஒரு எண் கூடியிருந்தால் இன்னொரு தவணை கிடைத்திருக்கும். அறையில் சத்தமே இல்லை. என் பெண் கையில் இருந்த புத்தகத்தை மூடி வைத்தாள். "வில்லோ கடைசியாக என்ன பார்த்தாள் என்று நீயே சொல்கிறாயா?" என்று கேட்டாள். அந்தப் பெண் வெகுநேரம் யோசித்தாள். "பாலத்துக்கு அந்தண்டை விளக்கு வெளிச்சம். அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்" என்றாள். அப்புறம் அழுதாள்.

சாப்பாட்டு வேளை. நான் மேலே போய்க் கல்லைப் போட்டேன். ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். கடைசியில் அவள் வந்தாள், மூக்கு சிவந்து, ஜாதகத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு. நாற்காலியில் உட்காராமல் நின்று, "பாட்டி, செத்தவர்கள் சாப்பிடலாமா?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள், ஆனால் குரல் விளையாட்டாக இல்லை.

"எங்கள் ஊரில் அவர்களுக்குப் படைத்துவிட்டுத்தான் நாங்களே சாப்பிடுவோம்" என்றேன். முதல் தோசையை அவள் தட்டில் போட்டேன். பையன்கள் மூவரும் மறுபேச்சுப் பேசாமல் காத்திருந்தார்கள். செத்தவள் சர்க்கரை தொட்டுக்கொண்டு நாலு தோசை சாப்பிட்டாள்.

குழந்தைகள் போனபிறகு அடுக்களையில் எனக்கும் என் பெண்ணுக்கும் வாக்குவாதம்.

"ஏண்டி, அந்தக் குழந்தை முகத்தைப் பார்த்தாயா? ராட்சசன் அடி தவறிவிட்டது என்று நீ சொல்லியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?"

"எல்லோரும் பகடையைப் பார்த்தார்களே, அம்மா."

"எதற்காகக் காட்டுகிறாய்? டஞ்சன் மாஸ்டர் முன்னால் அட்டையில் ஒரு தட்டி வைத்துக்கொண்டு மறைவில் போடலாம் என்று உன் பிள்ளைதானே சொன்னான்?"

"வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. மறைவில் எண்ணை மாற்றிச் சொல்கிறவர்களும் உண்டு. அதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. கைகாக்ஸே அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்."

அவள் சொன்னது வாஸ்தவம். கைகாக்ஸ் லேசுப்பட்ட ஆசாமி அல்ல. 1975-ல் ஒரு போட்டிக்காக அவர் எழுதிய "டூம் ஆஃப் ஹாரர்ஸ்" என்ற கல்லறைக் கதை, ஆட்களைக் கொன்று குவிப்பதில் இன்றுவரை பெயர் போனது. சுவரில் ஒரு பூத முகம் வாயைத் திறந்துகொண்டிருக்கும். உள்ளே நுழைந்தவன் சாம்பல்கூட மிஞ்சாமல் போவான். அந்த மனுஷர்தான் 1979 புத்தகத்தில், எல்லாவற்றையும் யோசித்துச் சரியாகச் செய்த ஒருவன் வெறும் துரதிர்ஷ்டத்தால் சாகும்படி நேர்ந்தால், நடத்துகிறவர் பகடையை மீறி அவனைப் பிழைக்க வைக்கலாம் என்று எழுதினார். கை போகலாம், கண் போகலாம், உயிர் தப்பட்டும் என்று. அசட்டுத்தனம் செய்து வரவழைத்துக்கொண்ட சாவுக்கு மட்டும் தயவு கிடையாது!

"அப்படியானால் இவளுக்குக் காட்டியிருக்கலாமே, அந்தத் தயவை! இவள் என்ன அசட்டுத்தனம் செய்தாள்?" என்று பிடித்துக்கொண்டேன்.

என் பெண் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "போன மாதம் திருடர் தலைவன் மேல் வில்லோ விட்ட அம்பு நினைவிருக்கிறதா? இருபது விழுந்தது. நாலு பேரும் குதித்தார்கள். இன்றைக்கு நான் பொய் சொன்னேன் என்று தெரிந்தால், அன்றைக்கு விழுந்த இருபதும் பொய் என்று ஆகிவிடும். அவள் தோல்வியை நான் எடுத்துக்கொண்டால் ஜெயத்தையும் எடுத்துக்கொண்ட மாதிரிதான், அம்மா. அப்புறம் அது என் கதை. அவர்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தாயக்கட்டம் ஆடிப் பழகினவள் நான். தாயத்தில் வெட்டுப்பட்ட காய் மறுபடி தாயம் விழுந்தால் இறங்கிவிடும். பரமபதத்தில் பாம்பு கடித்தால் காய் கீழே போகுமே தவிரச் சாகாது. திரும்பி வராத காயோடு ஆடிப் பழக்கமில்லை.

"அதோடு, நான் அவர்களைக் கேட்காமல் செய்யவில்லை" என்றாள் பெண். செப்டம்பரில் ஆட்டம் தொடங்குமுன்பே நாலு பேருக்கும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டுக் கொடுத்து, "உன் ஆள் சாகலாமா, கூடாதா?" என்று எழுதச் சொன்னாளாம். யார் எழுதினது என்று தெரியாமல் மடித்துப் போட்டிருக்கிறார்கள். நாலு சீட்டிலும் "சாகலாம்" என்றே இருந்ததாம். பெற்றோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். விருந்துக்குக் கூப்பிடும்போதே சமையலில் காரம் உண்டா என்று சொல்லிவிடுவது போலத்தான்.

அன்றிரவு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். தயவு வேண்டும், ஆனால் அதைப் பகடைக்குள் திணிக்க வேண்டாம். பகடைக்கு வெளியே அதற்கு எவ்வளவோ இடம் இருக்கிறது. முன்னாலேயே கேட்டு வைத்துக்கொண்டது தயவு. கடைசி வார்த்தையை அவளுக்கே விட்டது தயவு. முதல் தோசையும் தயவுதான்.

கதை அதோடு முடியவில்லை. இந்த ஆட்டத்தில் செத்தவரை எழுப்ப வழி உண்டு. பெரிய கோயிலில் பெரிய பூசாரியைப் பிடிக்க வேண்டும். செத்துப் பத்து நாளுக்குள் கொண்டுபோக வேண்டும். 500 பொன் பெறுமானமுள்ள ஒரு வைரம் வேண்டும். மந்திரத்தில் அது கரைந்து போகும். பையன்கள் கணக்குப் போட்டார்கள். மூன்று பேரிடமும் சேர்த்து 212 பொன். குதிரையை விற்கலாம், மந்திரவாதி தன் புத்தகத்தை அடகு வைக்கலாம் என்று வாரம் முழுவதும் டெலிபோனில் பேச்சு. என் பேரனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. "நான் திரும்பிப் போயிருக்கலாம், பாட்டி" என்று ஒரு தரம் சொன்னான். நான் தலையைத் தடவினேன், ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அந்த மந்திரத்தில் பணத்தைவிடப் பெரிய நிபந்தனை ஒன்று இருக்கிறது. இறந்தவருடைய ஆத்மா திரும்பி வரச் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் எத்தனை வைரம் கொட்டினாலும் எழுப்ப முடியாது. சம்மதிக்கிற அதிகாரம் விளையாடுகிறவளுக்குத்தான். என் பெண் கேட்டதற்கு, "அடுத்த சனிக்கிழமை சொல்கிறேன்" என்று சொல்லியிருந்தாள் எதிர் வீட்டுப் பெண்.

அடுத்த சனிக்கிழமை அவள் புது ஜாதகத்தோடு வந்தாள். "வில்லோ வரவில்லை. இவள் வில்லோவின் சித்தி பெண். ஊரில் சேதி கேட்டு வந்திருக்கிறாள். அக்காவின் வில்லை வாங்கிக்கொண்டு போக வேண்டும். எப்படிச் செத்தாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்" என்றாள்.

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இது அவர்கள் எதிர்பாராதது. வில்லோ செத்தபோது அங்கே இருந்தவளிடமே, இல்லாதவளிடம் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும்! மந்திரவாதிப் பையன் அம்பு தைத்ததைச் சொன்னான். பூசாரிப் பையன், காளான் குழம்பு வைத்த இரவில் வில்லோ பட்டினி கிடந்ததைச் சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சித்தி பெண் என் பேரன் பக்கம் திரும்பினாள். "கடைசியாக அவளைப் பார்த்தது நீதானா?"

"நான்தான். என் தோளில் குழந்தை இருந்தது. ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். அப்புறம் ஓடினேன்."

"அவள் ஏதாவது சொன்னாளா?"

"போங்கள் என்றாள்."

"அப்படியானால் நீ சரியாகத்தான் செய்திருக்கிறாய்" என்றாள் சித்தி பெண். என் பேரன் வில்லை எடுத்துக் கொடுத்தான். கொடுப்பதற்கு அங்கே நிஜமாக ஒன்றும் இல்லை. காற்றிலே இரண்டு கையையும் நீட்டினான். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு இரவு பேரன் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினான்.

நிஜ வாழ்க்கையில் செத்தவர்களிடம் நாம் கேட்க முடியாத கேள்வி அது. அவர்களும் நமக்குச் சொல்ல முடியாத பதில் அது. பன்னிரண்டு வயதில், யாருக்கும் ஒன்றும் நேராமல், ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அதைக் கேட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். இதைப் போய் வீண் பொழுதுபோக்கு என்று எப்படிச் சொல்வது?

இந்த ஆட்டத்தைக் கண்டு ஒரு காலத்தில் அமெரிக்கத் தாய்மார்கள் நடுங்கியதும் உண்டு. 1982-ல் இப்படிப்பட்ட ஆட்டத்தில் மூழ்கிச் சித்தம் கலங்கிப்போன ஒரு மாணவனைப் பற்றி டெலிவிஷனில் படமே வந்தது. நடித்தவர் அப்போது பிரபலமாகாத டாம் ஹாங்க்ஸ். 1984-ல் ஜாக் சிக் என்பவர் சித்திரக் கதையாக ஒரு மதப் பிரசாரத் துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். அதில் ஒரு பெண்ணின் பாத்திரம் ஆட்டத்தில் செத்துவிடுகிறது. உடனே ஆட்டத்தை நடத்துகிறவள், "இனி உனக்கு இங்கே இடமில்லை" என்று அவளை மேஜையை விட்டே விரட்டிவிடுகிறாள்; அப்புறம் கதை விபரீதமாகப் போகிறது. என் பெண் காட்டி அதை நான் பார்த்தேன். பயம் பகடையில் இருப்பதாக எழுதினவர் நினைத்திருக்கிறார். எனக்கு அப்படிப் படவில்லை. செத்தவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிற மேஜைதான் பயங்கரம். எந்த வீட்டிலும் துக்கப்பட்டவளை விரட்டினால் விபரீதம்தானே வரும்?

எல்லா ஆட்டத்திலும் சாவு ஒரே ருசியாக இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1977-ல் வந்த "டிராவலர்" என்ற விண்வெளி ஆட்டத்தில், ஆளைப் படைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் பட்டாளத்தில் செத்துப்போகலாம். கதை தொடங்கு முன்பே கருமாதி! 1984-ல் வந்த "பாரனோயா"வில் ஒவ்வொருவருக்கும் ஆறு பிரதி உண்டு. ஒருவன் செத்தால் அச்சு அசலாக அடுத்தவன் வந்து நிற்பான். அங்கே சாவு வெறும் தமாஷ். "டிரெட்" என்ற ஆட்டத்தில் பகடையே இல்லை. மரக்கட்டைகளைக் கோபுரமாக அடுக்கி, ஒவ்வொன்றாக உருவ வேண்டும். யார் கை பட்டுக் கோபுரம் சரிகிறதோ அவர் ஆள் போனான். "டென் காண்டில்ஸ்" ஆட்டத்தில் பத்து மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள். கடைசி வர்த்தி அணையும்போது ஒருவரும் மிஞ்சமாட்டார்கள் என்பது முதலிலேயே எல்லோருக்கும் தெரியும்.

நம்மைப் போலத் தொடர்கதைக்காகக் காத்திருப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். "கிரிட்டிகல் ரோல்" என்று நடிகர்கள் சிலர் கூடி இந்த ஆட்டத்தை ஆடி, வியாழக்கிழமைதோறும் இண்டர்நெட்டில் காட்டி வந்தார்கள். 2018 ஜூலையில் டாலியேஸின் ஜாஃபி என்ற நடிகரின் பாத்திரமான மாலிமாக் அதில் கொல்லப்பட்டான். பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். எங்கள் எதிர் வீட்டு மாமி அங்கே இருந்திருந்தால் அவர்களோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். ஜாஃபி சில வாரத்தில் வேறொரு பாத்திரத்தோடு வந்து அதே மேஜையில் அமர்ந்தார். ஆள் போனாலும் நாற்காலி காலியாகவில்லை.

ஆர்ன்ஸனும் இல்லை, கைகாக்ஸும் இல்லை. ஒருவர் 2009-லும் மற்றவர் 2008-லும் காலமானார்கள். அவர்கள் தொடங்கி வைத்த ஆட்டம் இன்று எத்தனையோ நாடுகளில் நடக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ ஒருநாள் வாடிய முகத்தோடு வந்து, "அம்மா, என் ஆள் செத்துப்போய்விட்டான்" என்று சொல்லக்கூடும். "அட, விளையாட்டுதானே!" என்று சிரித்துவிடாதீர்கள். "வேறு ஆள் எழுதிக்கொள்ளேன்" என்று அவசரப்பட்டுச் சமாதானமும் சொல்லாதீர்கள். துக்க வீட்டில் இந்த இரண்டையும் நாம் சொல்வதில்லை.

"எப்படிச் செத்தான்?" என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு எதிரே உட்காருங்கள். பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். அதற்குள் சாதம் ஆறிவிடாமல் மூடி வைத்துவிட்டு உட்காருவது நல்லது.